ஹெட்டரில் இல்லாத பெயர்

காலை ஐந்தே காலுக்கு ரெக்ஸ்லின் கூப்பிட்டான்
மூக்கையூர் ஏலக்கூடத்திலிருந்து.
பின்னால் கணவாய்க்கு விலை கேட்கும் சத்தம்.
"அக்கா, தராசு செத்துப்போச்சு.
புது வெர்ஷன் போட்டேன். சிம்பல் இல்லைங்குது."

எந்த சிம்பல் என்றேன்.
சொன்னான். முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் இருந்தது.

கீழக்கரையில் இந்த மாடியறையில்
ஆறு வருடமாய் நான் எழுதிவரும் சின்ன மொழி.
இன்டர்பிரெட்டர் முழுக்க சி.
அந்த ஃபங்ஷனைப் போன செவ்வாய்
ஸ்டேட்டிக் ஆக்கினேன். ஒரே சொல்.
சோறு வடிப்பதற்குள் முடிந்தது.

அது உள்வேலைக்கானது.
வரும் பாயின்டர் வெறுமையா என்று பார்க்காது,
நீளம் கேட்காது,
சொன்ன இடத்தில் கையை விட்டு எடுத்துத் தரும்,
கூப்பிடுவது நான் மட்டும் என்பதால்.
எங்கள் வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் நடுவே
ஒரு கதவு உண்டு, தெருவுக்குத் தெரியாது;
முக்காட்டைச் சரிசெய்யாமல் போய் உப்பு எடுத்து வருவோம்.
அப்படி.

"உள்ளுக்கு மட்டும்னு மேலேயே எழுதியிருந்தேனே தம்பி."
"படிச்சேன்க்கா.
ஆனா கூப்பிட்டா வந்துச்சு.
மூணு வருஷம் வந்துச்சு."

எல்லோருக்கும் என்று நான் கொடுத்திருந்ததோ
கேட்கும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் நகலெடுக்கும்.
கூடை கூடையாய் வரும்போது திரை திணறும்,
ஏலக்காரர் வாய் காத்திருக்காது என்றான்.
தெரியும்.
அதனால்தான் நானும் அதைக் கூப்பிடுவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே, அப்பா தீவுப் பக்கம்,
மிதவை இல்லாத இடத்தில்
பாருக்கு நடுவே ஒரு வத்தை நுழைந்துகொண்டிருந்தது.
கடல் அதற்கு எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஸ்டேட்டிக்கை எடுத்துவிட்டால் போதும். எடுக்கவில்லை.
புதிதாய் ஒன்று எழுதினேன்: நகல் இல்லை,
வெறுமையைப் பார்க்கும், நீளத்தைப் பார்க்கும்,
தவறென்றால் விழாமல் மைனஸ் ஒன்று தரும்.
பெயர் வைக்கத்தான் நேரமானது.
அண்டர்ஸ்கோர் இருந்தால் நாளைக்கே மாற்றலாம்,
தூக்கிப் போடலாம், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.
இது வாசலுக்குப் போகிறது.
முகம் தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள்,
நான் இல்லாதபோதும்.
மூன்று முறை அழித்தேன்.

ஹெட்டரில் சேர்த்து அனுப்பியபோது மணி ஆறு நாற்பது.
ஏலம் முடிந்திருந்தது. கைத்தராசில் போட்டார்களாம்.
விளமீனில் இரண்டு கிலோ தகராறு.
"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்றான்,
"பேரு நல்லாருக்கு."

தேநீர் ஆறிய பிறகுதான் பார்த்தேன்,
அந்தப் பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
அதற்குள் ரெக்ஸ்லின் பதினோரு இடத்தில்
அப்படியே கூப்பிட்டிருந்தான்.