ஆயிரத்தில் அறுபத்தொன்பது

மிஷன் வீதியில் விலை குறைவென்று
பாண்டிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிய ஹார்டு டிஸ்க்.
அட்டையில் ஒரு டெராபைட்.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில்
என் பைக்குள் கைவிட்ட ஏட்டு
பாட்டில் கிடைக்காத ஏமாற்றத்தில்
அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.
"இதுல என்ன இருக்கு?"
"ஒண்ணும் இல்ல சார். காலி."
காலியையா காசு கொடுத்து வாங்கினாய்
என்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஸ்டுடியோவில் கேபிளைச் செருகினால்
தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
குலுக்கியதில் கொட்டிவிட்டதோ
என்றுதான் முதலில் தோன்றியது.

கடைக்குப் போன் போட்டேன்.
இதையே சொல்லிச் சொல்லிச் சலித்த குரல்:
"கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான்.
கம்ப்யூட்டர் ரெண்டு ரெண்டா பெருக்கிட்டே போய்
ஆயிரத்து இருபத்து நாலுலதான் நிக்கும்.
ரெண்டுக்கும் பேரு மட்டும் ஒண்ணு.
யாரும் ஏமாத்தல மேடம்."

இருபத்து நாலுதானே?
பழைய பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
கிலோவில் வெறும் சில்லறை.
மெகாவில் சில்லறைக்கும் சேர்த்துச் சில்லறை.
ஜிகாவுக்கு வரும்போது
மீட்டர் வட்டி.

தேவனாம்பட்டினத்துக் கல்யாணம்,
மூன்று கேமரா, இரண்டு நாள்:
தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு.
"ஒண்ணு விடாம எல்லாம் வேணும்"
பெண்ணின் மாமன் அஞ்சாப்புலி சொல்லியிருக்கிறார்.
பதினேழுக்கு இடமில்லை.

எதை அழிப்பது?
பந்தியில் அப்பளம் கேட்டு நீட்டி நீட்டி
ஓய்ந்துபோன அந்தக் கையையா?
தாலி கட்டும் நேரம் லென்ஸை மறைத்த முதுகையா?
(அது அஞ்சாப்புலியின் முதுகு.)
மொய் மேசை மட்டும் நாற்பது நிமிடம்.
சரி, அதுதான் என்று ஓட்டிப் பார்த்தேன்.

விரலில் எச்சில் தொட்டு எண்ணுகிறார் மொய் எழுதுகிறவர்.
ஆயிரத்து ஒன்று. ஐநூற்று ஒன்று. ஆயிரத்து ஒன்று.
வெறும் ஆயிரத்தை நீட்டிய ஒரு பையனிடம்
பேனாவை மூடிவிட்டு
"ஒத்த ரூபா?" என்கிறார்.
அவன் எல்லாப் பையையும் தடவி
பின்னால் நிற்பவரிடம் கடன் வாங்கி வைத்த பிறகே
அவன் பேர் நோட்டில் ஏறுகிறது.

அழிக்கவில்லை.

டிராயரில் ஒரு பென் டிரைவ் கிடந்தது.
முப்பத்திரண்டு என்று அச்சு,
இருபத்தொன்பது சொச்சம் என்று காட்டியது. தெரிந்ததுதான்.
மிச்சப் பதினேழை அதில் ஏற்றி
டிஸ்க்கின் மேல் செலோடேப்பால் ஒட்டினேன்,
மொய்க் கவரின் ஒரு ரூபாய் மாதிரி.

அப்பளம் கேட்டவர் அதில்தான் இருக்கிறார்.