புகை நிறம்

"ரொம்பக் கறுப்பா வேணாம்,
கொஞ்சம் கறுப்பா" என்றார் சீனி நெய்னா.
மறுநாள் வந்து, "இன்னும் கொஞ்சம்."

கீழக்கரையில் காற்று நின்றால்தான்
பிலிம் ஒட்ட முடியும்.
காற்று நிற்பதில்லை.
ஒரு மணல் வந்து உள்ளே படுத்துக்கொண்டது.
சோப்புத் தண்ணீர், ஹேர் டிரையர், எதற்கும் எழவில்லை.
பிளேடால் நெம்பியதில்
ஊசிமுனையளவு கிழிந்தது.
சொல்லவில்லை.

பின்னால் போய் நின்று
"பிரேக்கை மிதிங்க" என்றேன்.
"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."
வெற்றிலை போட்டவர் வாய் மூடியதுபோல
உள்ளே எங்கோ சிவப்பு.

அழகாகத்தான் இருந்தது.
காசு வாங்கினேன்.

உச்சிப்புளி தாண்டி, இரவு,
என் பைக்குக்கு முன்னால் ஒரு கார்.
போகிறதா நிற்கிறதா, தெரியவில்லை.
இருட்டில்
ஊசிமுனையளவு
சிவப்பு.

மிதித்தேன்.