நாலெட்டு சூரிச்

கஸ்தூரியார் வீதி மாடியில் என் கடை.
பத்து நிமிசம் முந்நூறு ரூபா.
விசா மூன்றாம் முறையும் இல்லையென்ற பிறகு
சனிக்கிழமைகளில் வருகிறார் அமலதாசன்.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
சூரிச் போவார்.

கண்ணில் சினோ கொட்டும்.
பிடரியில் வியர்வை வழியும்.
ஏரிக்கரையில் நாலெட்டு வைத்தால்
என் சோடாப் பெட்டி இடிக்கும்.
தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவேன்.
வழியில் போகிற யாரோ என்று
பாடமாக்கிய டொச்சில் மன்னிப்புக் கேட்பார்.

இண்டைக்கு இடையில் கரண்ட் போச்சு.
மாட்டினதைக் கழற்றாமலே நின்றார்,
வெறுங்கால் சீமெந்தில்.
"குளிருது தம்பி."

மிச்ச நாலு நிமிசத்துக்கு
நூற்றிருபது ரூபாயை நீட்டினேன்.

"வைச்சிரும்.
அங்கை இன்னும் ஒருத்தரும்
என்னைத் திரும்பிப் பாக்கேல்லை."