மூன்றே கால் பவுன்

ஐந்துக்குத்தான் காசு கொடுத்தாள் டெல்பின்.
மினுவாங்கொடையில் இருந்து ஆட்டோவில் வருகிறவன்
ஆறாவதைக் கொசுறாகப் போட்டானாம்,
கீரைக்குக் கறிவேப்பிலை போடுவதுபோல.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி, நாலாம் மாடி.
அடுப்புக்கும் குளியலறைக்கும் நடுவே
காட்போட் பெட்டி, நாற்பது வாட் பல்ப்.
ஐந்தும் தீனித் தட்டில் ஏறி நின்றே தின்றன.
கொசுறு மட்டும்
அவற்றின் கால்களுக்கு இடையில் கண்மூடி நின்றது,
பஸ்ஸில் இடம் கிடைக்காதவன்
கம்பியைப் பிடித்தபடி தூங்குவதுபோல.

"இது தேறாது," என்றாள்.
தேங்காய் துருவியபடிதான் சொன்னாள்,
கெட்ட எண்ணத்தில் இல்லை.

மறுநாள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தேன்.
ஜிந்துப்பிட்டிக்குக் கிட்டே
என் நெஞ்சை ஒருதரம் கொத்திப் பார்த்தது.
ஒரே ஒரு தரம்.

செட்டியார் தெருவில் இருபத்திரண்டு வருஷமாய்
தராசு பிடிக்கிறவன் நான்.
தாலி நிறுத்திருக்கிறேன்,
மீட்க ஆள் வராத தோடுகளை நிறுத்திருக்கிறேன்.
மின்விசிறிக் காற்று படாமல்
தராசுக்கு ஒரு கண்ணாடிக் கூடு உண்டு.
முதலாளி வருமுன் குஞ்சை உள்ளே வைத்துக்
கதவைச் சாத்தினேன்.

இருபத்தாறு கிராம்.
மூன்றே கால் பவுன்.

"செய்கூலி, சேதாரம் சேர்த்தோ?" என்றார் கைலாசநாதன்,
உரைகல்லில் இருந்து தலை தூக்காமல்.
அவர் சாமணத்தைக் கண்ணாடி மேசையில் வைத்த சத்தத்துக்குக்
குஞ்சு குனிந்தது.
மறுபடி தட்டினார். மறுபடி குனிந்தது.
இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அன்றிரவு அவித்த மஞ்சள்கருவை மசித்து
கடதாசியில் பொட்டுப் பொட்டாய் வைத்து
நகத்தால் தட்டினேன்.
டொக். டொக்.
தாயின் அலகு என்று நினைத்ததோ,
கடனுக்குத்தான் கொத்தியதோ,
ஒரு பொட்டுக் குறைந்தது.

சீனித்தண்ணி அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு.
தொண்டைக்குள் விட்டால் மூச்சடைத்துவிடும்.
அது தலையை நிமிர்த்தும் வரைக்கும்
அடுத்த சொட்டை விரல் நுனியிலேயே வைத்திருக்க வேண்டும்.
பின்புறம் ஒட்டிக் காய்ந்ததை
இளஞ்சூட்டுத் தண்ணியில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன்.
என் இரண்டு பிள்ளைகளுக்கும்
இதை நான் செய்ததில்லை.
டெல்பின் அதைச் சொல்லவில்லை. பார்த்தாள்.

பவுனுக்கு நாற்பது மஞ்சாடி.
நாலாம் நாள் இரண்டு மஞ்சாடி ஏற்றம்.
ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை,
அன்று பற்றுச்சீட்டு இரண்டைப் பிழையாக எழுதினேன்.
ஆறாம் நாள் ஒன்பது.
அந்தக் கிழமை தெரு முழுக்கத்
தங்கம் ஏறுமா இறங்குமா என்றே கதை.

எட்டாம் நாள் இரவு கரண்ட் போனது.
இரண்டு மணிக்கு முழித்துப் பார்த்தால்
சோடாப் போத்தலில் சுடுதண்ணி ஊற்றித்
துவாயால் சுற்றிக்கொண்டிருக்கிறாள்
தேறாது என்றவள்.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

தீனிக்கு அடிபிடி மட்டும் ஓயவில்லை.
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்தேன்.
கைக்குழந்தைக் காப்பு ஒன்றை வைத்துக் கோடு கீறி
அந்த வட்டத்தை வெட்டி எடுத்தேன்.
கொசுறு நுழையலாம், மற்றவை நுழையாது.
உள்ளே தீனி.
ஐந்தும் வெளியில் நின்று
தலையை மட்டும் நீட்டிச் சத்தம் போட,
அது அவசரமில்லாமல் தின்றது,
முதலாளி சாப்பிடுகிற மாதிரி.

பதினெட்டாம் நாள் காலை
டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தது.
தலை போனது. தோள் போகவில்லை.
பின்வாங்கி, திரும்ப முட்டியது.
ஓட்டையைப் பெரிதாக்கக் கத்தியை எடுத்தேன்.
"சும்மா இருங்கோ," என்றாள் டெல்பின்.

பெரிய தட்டில் ஐந்து முதுகுகள்.
கொசுறு கொஞ்ச நேரம் பார்த்தது.
பிறகு, எங்கே கற்றதோ,
இறக்கை இரண்டையும் விரித்துக்கொண்டு
நடுவில் விழுந்தது.

அன்று கடைக்குப் பிந்திப் போனேன்.
சட்டைப் பையில் ஒரு மஞ்சள் தூவி ஒட்டியிருந்தது.
கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துப் பார்த்தேன்.
இலக்கம் அசையவில்லை.
கைலாசநாதன் எட்டி அதை ஊதிவிட்டு,
"ஆக்கள் வந்திருக்கினம்," என்றார்.