கேட்டதற்குக் கூலி

ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஃபென்னிக்.
சொன்னவன் பெயரும் சேர்ந்தால் இரண்டு.
உல்ம் நகரசபை என் காதுகளுக்கு வைத்த விலை அது.
வரிப்புத்தகத்தில் நான்
ஃபைட் ஸ்ட்ரோபெலே, தோல்பை விற்பவன்.
பை ஒன்றும் விற்றதாக நினைவில்லை.

நெசவாளர் தெருக்கோடியில் அப்பலோனியாவின் மதுக்கடை.
புருவத்தில் பஞ்சு ஒட்டியபடியே வருவார்கள்.
அன்றைய துணியில் எருது முத்திரை விழுந்ததா,
சிங்கமா, வெறும் திராட்சையா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் படிப்பார்கள்.
கேட்க வேண்டியதில்லை.

பனி உருகிய மாதம் சபை ஒயினுக்கு வரி போட்டது.
விலையைத் தொடவில்லை. அவ்வளவு முட்டாள்கள் அல்ல.
குவளையைச் சிறிதாக்கினார்கள்.
பழைய அளவுகளை வாங்கி நசுக்கிவிட்டு
புதியதில் நகரமுத்திரை அடித்தார்கள்,
ஒரு விரற்கடை குறைத்து.

எனக்கு நல்ல காலம் பிறந்தது.
"அந்த ஒரு விரல் யாருடைய தொண்டைக்குள் போகிறது?"
கோன்ராட் ட்ரிங்கெல். இரண்டு ஃபென்னிக்.
"கோயில் கோபுரம் பாதியில் நிற்கிறது, இப்போது குவளையும்.
எதைத்தான் முடித்தார்கள் இவர்கள்?"
இருட்டில் யாரோ. ஒன்று.
"வாள் அவர்களிடம். கத்தரி நம்மிடம்."
லீன்ஹார்ட் மூக். இரண்டு.

விடிவதற்குள் லீன்ஹார்ட்டைச் சிறையில் அடைத்தார்கள்.
கத்தரி என்று அவன் சொன்னது
துணி வெட்டும் கத்தரியைத்தான்.
நான் அதைச் சொல்லவில்லை.
விளக்கத்துக்குக் கூலி கிடையாது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
ஊரே தன் வாயை மூடிக்கொள்ளும் என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
திங்கள், செவ்வாய், புதன்.
குடித்தார்கள், காசு வைத்தார்கள், போனார்கள்.
பலகையில் குவளை அமரும் சத்தம்.
பகடை உருளும் சத்தம்.
யாரோ இருமினால்கூட
பாதியில் விழுங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை சபை முன் நின்றேன்.
மென்மயிர்க் கழுத்துப்பட்டைகள், சூடான அடுப்பு.
"ஒன்றுமில்லையா?"
ஒன்றுமில்லை.
"எங்களைப் பற்றி?"
இல்லை.
"மழையைப் பற்றியாவது?"
மழையைப் பற்றிக்கூட இல்லை, ஐயா.
ஒருவர் எழுந்து சன்னலைத் திறந்தார்.
சந்தை நாள். வண்டிச் சக்கரங்கள் கேட்டன,
ஒரு கழுதை கத்தியது.
மனிதர் குரல் வரவில்லை.
அவர் நெடுநேரம் சன்னலை மூடவில்லை.

அன்றிரவே லீன்ஹார்ட் வீடு வந்தான்.
அடுத்த வாரம் பழைய அளவும் வந்தது.
கடை முழுக்க நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்,
அந்த ஒரு விரற்கடை திரும்பிவிட்டதென்று.
எனக்கு மட்டும் வித்தியாசமே தெரியவில்லை.
அப்போதுதான் உறைத்தது.

இத்தனை மாதமும் அப்பலோனியா
நசுக்காமல் ஒளித்துவைத்த ஒரு பழைய குவளையில்
எனக்கு மட்டும் நிறைய ஊற்றியிருக்கிறாள்.
மேசையில் எல்லாரையும்விட
ஒரு விரல் உயரமாக நின்றிருக்கிறது என் குவளை,
மணி கட்டிய பூனைபோல.
நான் எங்கே உட்கார்ந்தாலும்
அவர்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

சத்தியப் பிரமாண நாளில்
நகரத்தலைவர் மாடத்தில் நின்று சொன்னார்:
ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவானவனாக இருப்பேன்.
கூட்டம் கை உயர்த்த வேண்டும்.
உயர்த்தியது. ஆனால் அதற்கு முன்
ஒரு மூச்சு நேரம் தாமதித்தது.
அந்த மூச்சில் அவர் கழுத்துநரம்பு துடித்ததை
நான் கீழேயிருந்தே பார்த்தேன்.

மாலையில் எழுத்தர் கணக்குப் பார்த்தார்.
இறகை மையில் தோய்த்துக் கேட்டார்:
"பேசாத வாரத்தை எப்படி எழுத?
பேசாதவன் பெயர் தெரிந்தால் சொல். இரண்டு ஃபென்னிக்."
ஊர் முழுவதையும் சொல்லியிருந்தால்
அன்றே வீடு வாங்கியிருப்பேன்.
ஒரே பெயர் சொன்னேன்.
ஃபைட் ஸ்ட்ரோபெலே, தோல்பை விற்பவன்.

எழுதிக்கொண்டார்.
கூலி தரவில்லை.