ஏழாவது நாற்காலி

கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள்.
ஏழாவது ஆள் நான்.
மினசோட்டாவில் பிப்ரவரி. நீதிமன்ற ஹீட்டர்
இருமிக்கொண்டே இருந்தது.
துண்டு முழுக்க மயிரிழை விரிசல்கள்.
உடைந்திருந்தது,
உடையாமலும் இருந்தது.

பெட்ரோல், என்றார் கேப்டன் பாம்.
முப்பத்தொரு வருட சர்வீஸ். ஆயிரம் தீ பார்த்தவர்.
சாதாரணத் தீ படிப்படியாய்ச் சூடேறும்,
ஊற்றி வைத்த தீ பாய்ந்து ஏறும்,
அந்தப் பாய்ச்சலில்தான் கண்ணாடி இப்படி வலை பின்னும்.
"நெருப்பு பொய் சொல்லாது" என்றபோது
என்னைப் பார்த்தார்.
நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

எரிந்த தரைப்பலகையில் ஆய்வகத்துக்கு
ஒரு சொட்டு பெட்ரோலும் கிடைக்கவில்லை.
அது எரிந்து தீர்ந்திருக்கும், என்றார்.
இருந்தாலும் சாட்சி. இல்லாவிட்டாலும் சாட்சி.
இதை அன்று நான் கவனிக்கவில்லை.
கவனித்ததெல்லாம்
ரோலண்ட் ஹக்கலா அழாததை.
மனைவி மெர்லின் புகைப்படத்தைத் திரையில் காட்டியபோதுகூட
கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு
அந்த ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர விசாரித்தோம். நாலு மணி நேரம்.
கோழி சாண்ட்விச், ஆறிப்போன காபி.
டெல்பின் ஓஸ்ட், இரண்டாவது நாற்காலி,
அவள் மட்டும்தான் இழுத்தடித்தாள்:
அவருக்கு அந்தக் கை எப்படி வெந்தது?
நான்தான் சொன்னேன்,
"கண்ணாடிக்கு யார் மேலும் பகை கிடையாது, டெல்பின்."
நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது.
அவள் கை தூக்கினாள்.

பத்தொன்பது வருடம் கழித்து
பூட்ஸ் நிறையப் பனியோடு ஒரு சட்டக் கல்லூரிப் பெண்
என் பேக்கரிக்குள் வந்தாள். பெயர் இங்ரித் சால்வோ.
லேப்டாப்பில் ஒரு வீடியோ:
கண்ணாடியை வேகமாகச் சுடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை,
மெதுவாகச் சுடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை,
சூட்டோடு தண்ணீர் தெளிக்கிறார்கள்.
அணைக்க வந்தவர்களின் குழாய்த் தண்ணீர், என்றாள்.
மனுவோடு சேர்க்க ஒரு கையெழுத்து கேட்டாள்.

நான் போடவில்லை. அன்றைக்கு இல்லை.
ஒரு முறை ஒரு நிபுணரை நம்பியவள்
இன்னொரு நிபுணரை நம்புவதற்கு
எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்?

இரவு கடையை மூடிவிட்டு
கராஜில் கிடந்த பழைய ஜன்னல் கண்ணாடியைத்
துண்டு துண்டாய் அறுத்து
ரொட்டி அடுப்பில் வைத்தேன்.
பெரிய தீ. ஒரு துண்டு இரண்டாய்ப் பிளந்தது, அவ்வளவுதான்.
சின்னத் தீ. அப்படியே இருந்தது.
மூன்றாவதை இடுக்கியால் வெளியே எடுத்து
குவளைத் தண்ணீரை விசிறினேன்.

உறைந்த ஏரிமேல் நடக்கையில்
அடியிலிருந்து ஒரு சத்தம் வருமே,
அது.
பிறகு அந்த வலை, என் கைக்குட்டை அகலத்தில்.

அவர் செய்யவில்லை என்று அது சொல்லவில்லை.
அந்த ஆசை எனக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
தண்ணீர் பட்டது என்கிறது கண்ணாடி.
அதற்கு மேல் அதற்குத் தெரியாது.
அன்றும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.
நெருப்பு பொய் சொல்லவில்லை.
நெருப்பு எதையுமே சொல்லவில்லை.
சொன்னவர் பாம்.
அடிக்கோடிட்டவள் நான்.

விடியும்வரை மாவு பிசையவில்லை. காலை வந்தவர்களிடம்
அடுப்பு ரிப்பேர் என்று பொய் சொன்னேன்.
எட்டரைக்கு டெல்பினின் நம்பரைத் தேடி எடுத்தேன்.
கிறிஸ்மஸ் வாழ்த்துகூட அனுப்பிக்கொண்டதில்லை நாங்கள்.
மூன்றாவது மணியில் எடுத்தாள்.
என் பெயரை மட்டும்தான் சொன்னேன்.

"கண்ணாடியா?" என்றாள்.