இரட்டை நான்கு

கோரிமேட்டில் குழாய்க்குள் படுக்கவைத்து
"எதையும் நினைக்காதீங்க" என்றார்கள்.
சும்மா இருக்கும் மூளை எப்படி ஓடுகிறது
என்று பார்க்கத்தானாம்.
வாட்சு, அரைஞாண், சட்டைப்பையிலிருந்த டெஸ்டர்
எல்லாம் வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில்.
யாரோ கம்பத்தின் மேலிருந்து
சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம்.
நான் தேவனாம்பட்டினம் ஃபீடரை நினைத்துக்கொண்டேன்,
முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை,
தூக்கம் வராத ராத்திரிகளில் செய்வதுபோல.

டாக்டர் ரெஜினா படத்தைத் திருப்பிக் காட்டினார்.
சிவப்பும் நீலமுமாய் நூல்கள்.
"நோயில்லை. இணைப்புதான்
வயசுக்குக் கொஞ்சம் மெலிசு. இங்கே, அப்புறம் இங்கே."
எனக்கு நாற்பத்தெட்டு.

அந்த மரபணு மூன்று வகையில் வருமாம்:
இரண்டு, மூன்று, நான்கு.
நான்கு கெட்டது.
கெட்டது என்று சொல்லக்கூடாது, வாய்ப்பைக் கூட்டுவது.
எனக்கு நான்கும் நான்கும்.
ஒன்று அம்மாவுடையது. அதில் ஆச்சரியமில்லை.
மூன்று வருடமாக அம்மாவுக்கு நான்
மீட்டர் பார்க்க வந்த ஆள்.
மரியாதையாகத்தான் பேசுகிறாள்.
பெட்டி இருக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டுகிறாள்.

இன்னொன்று அப்பா.

சிப்காட் ஷிஃப்டுக்குப் போகும் வழியில்
பச்சையாங்குப்பம் வளைவில் லாரிக்கு அடியில் போனபோது
ஜோதிலிங்கத்துக்கு முப்பத்தொன்பது.
மறப்பதற்கு வயதே வராத ஆள்.
முகம்கூட எனக்கு போட்டோவில் இருப்பதுதான்.
நாற்பது வருடம் கழித்து அவரை
ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில் சந்திக்கிறேன்.
அவரும் அறியாமல் வைத்திருந்தது,
அறியாமல் கொடுத்தது.

தானே புயல் அடித்த வருடம்
ஓ.டி. பக்கம் மூன்று ஃபீடர் சுமையை
ஒன்றின் தலையில் கட்டினோம். வேறு வழியில்லை.
தெருத்தெருவாக டீ கொடுத்தார்கள்,
பல்பு இவ்வளவு பளிச்சென்று எரிந்ததேயில்லை என்றார்கள்.
ரெஜினா சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.
நான்கு இருக்கிற மூளை இளம் வயதில்
தனக்குள் அதிகம் பேசிக்கொள்ளுமாம்,
சும்மா இருக்கும்போதுகூட,
முன்பக்கமும் பின்பக்கமும் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டு.
வயது ஏற ஏற, மற்றவர்களுக்கு முன்பே
கூப்பிடுவது குறையும்.
"எல்லாருக்கும் இல்லை. கடைசிவரை கணக்கு எழுதினவங்களும் உண்டு.
ஆய்வு இன்னும் முடியலை."
முடியலை என்பதை மூன்று முறை சொன்னார்.
எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்
கொதிக்கும் வாசனை வந்தது.

திரும்பும் பஸ் முள்ளோடை தாண்டியபோதுதான்
மீதிக் கணக்கு உறைத்தது.
இரண்டு நான்கு வைத்திருப்பவன்
பிள்ளைக்கு மூன்று கொடுக்க முடியாது.
கையில் இல்லாத சில்லறை.
வெண்மதிக்கு ஒன்று உண்டு.
அதற்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வயது அவளுக்கு.
என் பழைய வண்டியின் நம்பர்,
ஏழாம் வகுப்பில் பெஞ்சில் யாருக்கு அடுத்து யார்,
கெடிலம் பொங்கியபோது எந்தப் படியில் தண்ணீர் நின்றது,
கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.
விருந்தாளி வந்தால் நானே எடுத்துக்கொடுத்துக் கேட்பேன்,
பெருமைதான்.
இன்று அம்மாவின் மாத்திரைகளைத்
தாளைப் பார்க்காமல் வேளை வாரியாக ஒப்பித்தாள்,
மில்லிகிராமோடு.
அந்த வெளிச்சத்தைப் பார்த்து
எனக்கு முதல்முறையாகக் கண் கூசியது.

"என்னப்பா சொன்னாங்க?"
"ஒயரெல்லாம் பழசாம்."
"அதை இ.பி.காரருக்கே சொல்றாங்களா?" என்று சிரித்தாள்.
சோற்றை அளைந்துகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அம்மா,
"சார், கரண்டு எப்ப வரும்?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்தது.
"பத்து நிமிஷத்துல வந்துடும்மா" என்றேன்,
எல்லா வீட்டுக்கும் சொல்வதுபோல.